சுக்குப் பொடிப் பெட்டியின் முகம்

ஜூலை 4, வெள்ளி

இந்த டைரியில் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் திங்கட்கிழமைகளாக அச்சாகியிருக்கின்றன. யாரோ ஒரு கட்டத்தைத் தள்ளி வைத்ததில் வருஷம் முழுவதும் ஒரு நாள் நகர்ந்துவிட்டது. எங்கள் பிரஸ்ஸில் கட்டுக் கட்டாகக் கழிவுக்குப் போக இருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். சிவகாசியில் இருந்துகொண்டு டைரியைக் காசு கொடுத்து வாங்கினால் ஊர் சிரிக்கும். தேதியை நானே எழுதிக்கொள்கிறேன்.

காலையில் கணினியில் ஊதுபத்திப் பெட்டிப் படத்துக்கு நிறம் திருத்தினேன். ரோஜா சிவப்பாக இல்லையாம், செங்கல்லாக இருக்கிறதாம். ரோஜாவைச் சரிசெய்தால் பக்கத்தில் இருந்த சாமியின் முகம் சிவந்துவிட்டது. சாமியைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பிரஸ் முதலாளி கனகவேல் அண்ணாச்சி ஒருவரை அழைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஜெயக்கொடி, இவுக சாத்தூரு. பேரு தனுஷ்கோடி. சுக்குக் காப்பிப் பொடி போடுறாக. இதுவரைக்கும் பிளாஸ்டிக் பாக்கெட்டுதான். இப்பத்தான் அட்டைப் பெட்டிக்கு வர்றாக. நல்லாச் செஞ்சு குடு."

உட்காரச் சொல்லும்வரை அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, விசைப்பலகையின் மேல் படாமல் ஓரமாக வைத்தார். ஏதோ கல்யாண வீட்டுப் பந்தி. கையில் வாளியோடு ஒரு பெண் சிரிக்கிறாள். முன்னால் யாருடைய தோளோ அவள் முகத்தின் இடது பாதியை மறைத்துவிட்டது. ஒரு கண், ஒரு மூக்குத்தி, பாதிச் சிரிப்பு.

"என் வீட்டுக்காரி. தங்கபுஷ்பம். பொடிக்கும் அவ பேருதான். தவறிப்போய்ச் சில வருஷமாச்சு. பெட்டி முன்னால அவ முகம் வரணும்."

"மீதி முகம்?"

"இல்ல. அதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் ஒன்று வைத்திருந்தார். அதில் மூக்கும் வாயும் சேர்ந்து ஒரே கறுப்பு. அசல் அட்டையில்கூட யாருக்கும் தன் முகம் தெரியாது, ஜெராக்ஸில் எங்கே தெரியப்போகிறது. ஆவணி பிறந்ததும் பெட்டியில் போட்டு விற்கவேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஜூலை 9, புதன்

இருக்கிற பாதியைத் திருப்பிப் போட்டு மீதியோடு ஒட்டிப் பார்த்தேன். இந்தத் தொழிலில் எல்லாரும் முதலில் செய்கிற சோம்பேறி வேலை இது. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. இரண்டு தோளிலும் ரவிக்கைக் கை, முந்தானை எங்கேயும் இல்லை. புடவை கட்டிய பெண்ணைத் திருப்பிப் போடாதே என்பது நாங்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்வது. முந்தானை தோள் மாறினால் வாங்குகிற பெண்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். முகத்தைத் திருப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. அது சிரிக்கவில்லை. சிரிப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் சிரிப்பாக இருப்பதில்லை.

அண்ணாச்சி பின்னால் நின்று பார்த்தார். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கதையால்ல இருக்கு" என்றார். அழித்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் முகங்களைத் தேடினேன். எல்லாரும் பம்பாய்ப் பெண்கள். சுக்குக் காப்பி குடித்தே இருக்கமாட்டார்கள்.

மதியம் அவர் வந்தார். நான் வரச்சொல்லவில்லை. சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார், சேவு மட்டும் மிளகுக் காரத்தோடு நன்றாக இருந்தது. முகம் இன்னும் வரவில்லை என்பதால் பெட்டியின் மற்ற பக்கங்களைக் காட்டினேன். திரையில் பெட்டி விரிந்து கிடந்தது. முன்பக்கம், ஓரப்பக்கம், பின்பக்கம், இன்னொரு ஓரம், கடைசியில் பசை ஒட்டுவதற்கான வெற்று மடல். மேல்மூடி எழுத்துகள் தலைகீழாக இருந்தன.

"இது எழுத்து தப்பா நிக்குதே."

"மடிச்சா நேராயிரும்."

பிரிண்ட் எடுத்து வெட்டி மடித்துக் காட்டினேன். அவரும் ஒன்றை மடித்துப் பார்த்தார், மூலை கோணிக்கொண்டது. அந்தக் கோணல் பெட்டியை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் முகத்துக்கு விட்டிருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

போகும்போது, "வர்றேன் ஆர்ட்டிஸ்ட் அம்மா" என்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்னை அம்மா என்கிறார். பெயர் சொன்னால் நாக்கு சுருண்டுவிடுமா என்ன.

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மதியத் தூக்கத்தில் வருகிற கனவுகளுக்கு வாசல் கிடையாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடும். ஊரே விரித்துப் போட்ட தாளாகக் கிடந்தது. வீடுகளின் சுவர்கள் நாலு பக்கமும் சாய்ந்து படுத்திருந்தன. பேருந்து நிலையம் ஒரு மடல், தெப்பக்குளம் ஒரு மடல். வானம் மேல்மூடி என்பதால் மேகங்களைத் தலைகீழாக வைத்திருந்தேன், மடித்தால் சரியாகிவிடும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தேன். மடிக்கத்தான் ஆள் வரவில்லை. வெயில் மட்டும் எல்லாவற்றின் மேலும் ஒரே சீராக, வார்னிஷ் மாதிரிப் பரவியிருந்தது.

வாளியோடு ஒரு பெண் கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்துபோனாள். திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தபோது தலையணையில் என் கன்னத்தின் வியர்வை பதிந்திருந்தது. காப்பி போட்டேன். பால் திரிந்துவிட்டது.

ஜூலை 16, புதன்

பகல் முழுக்க மின்தடை. கணினி இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் ஒன்று தெரிந்தது: அந்தப் போட்டோவில் வெளிச்சம் வலப்பக்கமிருந்து வருகிறது. என் மேஜைக்கும் அப்படித்தான் வருகிறது.

ஜூலை 19, சனி

நிழல் எங்கே விழும் என்று தெரியவேண்டியிருந்தது. அதற்காக மட்டும் கைப்பேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னையே ஒரு படம் எடுத்தேன். சிரிக்கவேண்டுமே. தனியாக உட்கார்ந்து சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சேவுப் பொட்டலத்தை நினைத்துக்கொண்டேன், வந்துவிட்டது.

இடது கன்னத்தின் நிழலை மட்டும் எடுத்து வைத்தேன். நன்றாகப் பொருந்தியது. பிறகு காது. காது யாருக்கு இருந்தால் என்ன, காதுதானே. பிறகு உதட்டு ஓரம். கன்னத்தில் விழுகிற சின்னக் குழியை அழிக்கலாமா என்று யோசித்தேன். சிரிக்கிற முகத்தில் ஏதாவது ஒரு பள்ளம் இருக்கத்தான் வேண்டும். விட்டுவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

வரச் சொல்லியிருந்தேன். நீலக் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு போனேன், மற்றவையெல்லாம் துவைக்கக் கிடந்தன. பூக்காரம்மா விடாமல் கூப்பிட்டதால் ஒரு முழம் பூவும் வாங்கவேண்டியதாயிற்று. "என்ன ஜெயக்கொடி, எங்கயும் விசேஷமா?" என்று அண்ணாச்சி கேட்டார். நாற்பத்தொரு வயதில் ஒருத்தி பூ வைத்தால் பிரஸ்ஸுக்கே கண் தெரிந்துவிடுகிறது.

அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பெரிதாக்கிக் காட்டினேன். முன்னால் சாய்ந்து கிட்டத்தில் பார்த்தார். கீழே ஓடிக்கொண்டிருந்த இயந்திரம்கூடக் கொஞ்சம் மெதுவானது போல இருந்தது.

"வந்துட்டா" என்றார்.

"ஏதாவது மாத்தணுமா?"

"வேண்டாம். ஒன்னும் மாத்தாதீங்க ஜெயக்கொடி."

எனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கீழே போய், மை டப்பாக்களை எண்ணுவதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 23, புதன்

பெயர் சொன்னால் நாக்கு சுருளவில்லை.

ஜூலை 28, திங்கள்

இன்று தோல் நிறம். மஞ்சளும் மெஜந்தாவும் அளவாகக் கலக்கவேண்டும். கொஞ்சம் மெஜந்தா கூடினால் வெட்கப்படுகிற மாதிரி ஆகிவிடும். பெரும்பாலானவர்கள் "இன்னும் வெள்ளையா" என்பார்கள். இவர், "அவ மாநிறம். அப்படியே இருக்கட்டும்" என்றார். இதற்காகவே இவருக்குப் பாதி விலையில் பெட்டி போட்டுக் கொடுக்கலாம். அண்ணாச்சி சம்மதிக்கமாட்டார்.

வேலை முடிந்ததும் எதிர்க்கடையில் டீ குடித்தோம். அவரே பேசினார்.

"உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். யார்கிட்டயும் சொன்னதில்ல. அவ குரல் இருக்கு, சமையக்கட்டுல நின்னா கேக்குது. கை இருக்கு, சுக்கு இடிக்கிற கை. முகம் மட்டும் போயிக்கிட்டே இருந்துச்சு. காலையில கண்ண மூடிப் பார்ப்பேன். முந்தாநாள் இருந்த அளவுக்கு நேத்து இருக்காது. பொடி விக்கணும்னு பெட்டி போடல. கடைக்குக் கடை அவ நின்னா நான் மறக்கமாட்டேன்ல, அதுக்குத்தான்."

டீக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அழுகை வந்தது. சூடு நாக்கில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

"இப்ப பயமில்ல. ஒரு வாரமாக் கண்ண மூடினா முழுசா வருது. சிரிக்கிறா, கன்னத்துல குழி விழுது."

ஆகஸ்ட் 1, வெள்ளி

அச்சுக்கு முன் சரிபார்க்கிற புரூப் தாளில் கையெழுத்துப் போட்டார். முகத்தின் மேல் பட்டுவிடாமல் ஓரத்தில், சின்னதாக. அச்சுத் தகடு செய்ய, பிளேட்டுக்கு அனுப்பியாயிற்று.

ஏதோ உறுத்துகிறது. சாப்பாடு சரியில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊர் முழுக்க அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களுக்குப் பூஜை. இந்த ஊரில் தை மாதம் ஆடியிலேயே பிறந்துவிடும். எங்கள் பிரஸ்ஸிலும் இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டிருந்தார் அண்ணாச்சி. சாம்பிராணிப் புகையில் ஆள் யார் சுவரில் தொங்குகிற படம் யார் என்று தெரியவில்லை. எல்லாரும் கொஞ்சம் மிதப்பதுபோல நடந்தார்கள்.

தனுஷ்கோடி தன் மதினியோடு வந்திருந்தார். தங்கபுஷ்பத்தின் அக்கா, பெயர் அழகுராணி. "இவுகதான் வரைஞ்சது" என்று என்னைக் காட்டினார். நான் வணக்கம் சொல்லிச் சிரித்தேன். அந்தம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்தார். தனுஷ்கோடியை அண்ணாச்சி பூஜைக்கு இழுத்துக்கொண்டு போன பிறகு, "அந்தப் படத்த காட்டுங்கம்மா" என்றார் அந்தம்மா.

புரூப்பை மேஜையில் விரித்தேன். வெகுநேரம் பார்த்தார். பாதியை உள்ளங்கையால் மறைத்தார். கையை எடுத்து மற்றப் பாதியை மறைத்தார்.

"நல்லாருக்கு. ஆனா என் தங்கச்சிக்குக் கன்னத்துல குழி விழாது."

அந்தம்மா நிமிர்ந்து என் கன்னத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு விழுது."

"நிழலுக்காக எடுத்தேன்..."

"கோவம் இல்லம்மா. நீங்க வேணும்னு செஞ்சீங்களோ, தன்னால வந்துச்சோ, அது உங்களுக்கே தெரியாமக்கூட இருக்கும். ஆனா இவரு இப்பவே என்கிட்ட, புஷ்பத்துக்குக் குழி விழும்லன்னு கேக்காரு. நாளைக்கு ஆயிரம் பெட்டி, பத்தாயிரம் பெட்டி வந்துரும். அப்புறம் எல்லார் மனசுலயும் இதுதான் நிக்கும். என் மனசுலயும் நிக்கும். அவ எங்கம்மா போவா?"

பூஜை மணி அடித்தது. அந்தம்மா புரூப்பைத் தானே மெதுவாகச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

"நான் அவர்கிட்ட சொல்லல. நீங்க சொல்லுங்க."

ஆகஸ்ட் 4, திங்கள்

லீவு. தலைவலி.

சாயங்காலம்: தலைவலி இல்லை. அந்த முகம் அவர் கண்ணுக்குள் வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். அவர் கண்ணை மூடும்போது நான் அங்கே இருந்தேன். இதை எழுதுவதற்கு ஒரு நாள் லீவு போடவேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெட்டியை அச்சுக்கு ஏற்றவேண்டாம் என்றேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தார்.

"பார்ட்டியே சரின்னு கையெழுத்துப் போட்டாச்சு. உனக்கென்ன?"

"முகம் அவுகளோடது இல்ல அண்ணாச்சி."

"பின்ன யாரோடது?"

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த புரூப்பைப் பார்த்தார். இத்தனை வருஷம் நிறம் பார்த்தே பிழைத்த மனுஷர், அவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "செய்றதச் செய். வெள்ளிக்கிழமைக்குள்ள செய்" என்று எழுந்து போனார்.

கன்னம், காது, உதட்டு ஓரம் எல்லாவற்றையும் எடுத்தேன். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க முகம் நிம்மதியானது. கடைசியில் பழையபடி பாதி. பாதி முகத்தை முன்பக்கத்து நடுவில் வைத்தால் வெட்டுப்பட்டதாக இருந்தது. மூலையில் வைத்தாலும் அப்படித்தான். மதியம்வரை நகர்த்திக்கொண்டே இருந்தேன். அறை முழுக்க ஜன்னல் வெயில் தரையில் தவழ்ந்து போனது. அவளும் நானும் திரையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தோம், பேச்சில்லாமல், கோபமும் இல்லாமல்.

பிறகு, மடிப்புக் கோட்டின் மேல் அவளுடைய மூக்கின் நடுவைக் கொண்டுபோய் நிறுத்தினேன். முன்பக்கம் அங்கே முடிகிறது, பெட்டி திரும்பிவிடுகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாதிரிப் பெட்டியை நானே வெட்டி மடித்து ஒட்டி வைத்திருந்தேன். பழைய புரூப்பும் பக்கத்தில் இருந்தது. அவர் வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நீங்க கையெழுத்துப் போட்ட படத்துல பாதிதான் உங்க வீட்டுக்காரம்மா. மீதி நான். கன்னம், காது, குழி எல்லாம். நிழலுக்குன்னு எடுத்தேன். அப்புறம் அத அப்படியே அவுக முகத்துல விட்டுட்டேன். தப்புதான்."

அவர் புரூப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை, ஆனால் அவர் அடையாளம் கண்டுகொள்வதை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது.

"பார்த்ததும் மனசுக்கு நல்லா இருந்துச்சு" என்றார் கடைசியில். "அதனால அவதான்னு நெனச்சுக்கிட்டேன்."

மாதிரிப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். கையில் எடுத்தார். முன்பக்க ஓரத்தில் ஒரு கண், ஒரு மூக்குத்தி, பாதிச் சிரிப்பு. மீதியைப் பார்க்கப் பெட்டியைத் திருப்பினார். ஓரப்பக்கத்தில் சுக்கு, மல்லி, மிளகு, ஏலம், திப்பிலி என்று எழுத்துதான் இருந்தது. மறுபடி முன்பக்கத்துக்குத் திருப்பினார். மறுபடி ஓரத்துக்கு. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீரும் இருந்தது.

"இது அவ. இப்படித்தான் நிப்பா. யாராச்சும் வீட்டுக்கு வந்தா முழுசா வெளிய வரமாட்டா. கதவுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி. எங்கம்மா வையும், வந்து நின்னு பேசு புள்ளன்னு. பாதி நின்னுக்கிட்டே சிரிப்பா." பெட்டியை மேஜைமேல் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எப்படி மறந்தேன் இத."

பிறகு கதவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நீலக் கதவாம், ஒரு பலகை எப்போதும் தரையில் உரசுமாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வலித்தது. வலிக்கும் என்று தெரிந்துதான் செய்தேன், அதனால் பொறுக்க முடிந்தது. அவருக்கு அவள் கிடைத்துவிட்டாள் என்பது இன்னொரு பக்கம் இனிப்பாகவும் இருந்தது.

புதிய தாளில் கையெழுத்துப் போட்டார். மதினியிடம் காட்டவேண்டும் என்று பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்தப் பழைய தாள என்ன செய்வீங்க?"

"கழிவுக் காகிதத்தோட போயிரும்."

"இது அவ இல்லன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்றார். "தெரிஞ்சே கேக்கேன். நான் எடுத்துக்கிடவா?"

தலையை ஆட்டினேன். முகம் மடிந்துவிடாமல் தாளை மெதுவாகச் சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.